அசையாத கேமரா: லின்னேயஸ் ட்ரைப்பின் கதை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் போயிட்டு வந்த அன்னிக்கு ராத்திரி, கிளாஸ் குரூப்ல போட்டோ வந்து குவியும். அதுல பிரஷர் கேஜ் எடுத்த போட்டோவை ஜூம் பண்ணிப் பாருங்க. முள் ரெண்டா தெரியும், எண் எதுன்னே புரியாது. ரிப்போர்ட்ல அந்த ரீடிங்கை எப்படி எழுதுவீங்க? பழியை போன் மேல போடுறதுக்கு முன்னாடி ஒருத்தரைப் பத்திச் சொல்றேன். நம்ம ஊர்க் கோயில்களை, ஒரு படத்துக்கு நிமிஷக் கணக்கில் வெளிச்சம் வாங்கும் கேமராவால் எடுத்தவர் அவர்.

பெயர் லின்னேயஸ் ட்ரைப். 1822 ஏப்ரல் 14 அன்று இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் சேர்ந்து இந்தியா வந்தார். இடையில் விடுப்பில் ஊருக்குப் போனபோது புகைப்படக் கலையைக் கற்றுக்கொண்டார். திரும்பி வந்ததும், 1854 டிசம்பரில் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்தார். அடுத்த வருஷமே பர்மா மன்னரிடம் போன தூதுக்குழுவோடு அதிகாரப்பூர்வப் புகைப்படக்காரராகப் போனார். 1856ல் மதராஸ் மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது.

அவர் வேலை செஞ்ச விதத்தைக் கொஞ்சம் கவனிங்க. ஃபிலிம் ரோல் அப்போ கிடையாது. மெழுகு ஏற்றிய தாளில் ரசாயனம் பூசி, அதையே நெகட்டிவாக வைப்பார். நெகட்டிவ் எந்த அளவோ பிரிண்ட்டும் அதே அளவுதான். அதனால ஒரு அடிக்கு மேல் அகலமான தாள், அதுக்கேத்த பெரிய கேமரா. அந்தத் தாள் வெளிச்சத்தை ரொம்ப மெதுவாத்தான் வாங்கும். நம்ம போன் 1/50 செகண்டில் முடிக்கிற வேலைக்கு ஒரு நிமிஷம் ஆச்சுன்னாலே 3000 மடங்கு நேரம். அவ்வளவு நேரமும் கேமரா அசையக் கூடாது. கையில் பிடிக்கிற பேச்சுக்கே இடமில்லை. ஸ்டாண்டும், அது ஊன்றிய தரையும்தான் கதி.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர்னு சுற்றினார். அவருடைய படங்களில் ஒரு விஷயம் பளிச்சுனு தெரியும். கல்தூணின் செதுக்கல் கூர்மையா இருக்கும். பக்கத்து மரத்து இலை மட்டும் காத்துல கலைஞ்சிருக்கும். மங்கலில் ரெண்டு வகை இருக்குன்னு இதிலிருந்தே புரிஞ்சுக்கலாம். கேமரா ஆடினா படம் முழுக்கக் கெடும். எடுக்கிற பொருள் ஆடினா அது மட்டும் கெடும். உங்க படத்துல பின்னால இருக்கிற சுவரைப் பாருங்க. சுவரும் ஆடியிருந்தா குற்றம் உங்க கையில்.

இதுல பெரிய சோதனை தஞ்சைப் பெரிய கோயிலில் வந்தது. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிச் சோழர் கல்வெட்டுகள் வரிவரியாக ஓடுகின்றன. ஒரே படத்தில் அடங்காது. ட்ரைப் கேமராவைச் சுவரை ஒட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, 21 படங்களாக எடுத்து ஒட்டினார். மொத்த நீளம் சுமார் 19 அடி. யோசிச்சுப் பாருங்க: ஒவ்வொரு தடவையும் தூரமும் உயரமும் மாறாம இருந்தாத்தான் அடுத்த படத்தோட வரி சேரும். ஒரு படம் மங்கினாலும் அந்த இடத்தில் எழுத்து போச்சு. ஹுல்ஷ் அந்தக் கல்வெட்டுகளைப் படித்து 1891ல் அச்சில் கொண்டுவரத் தொடங்கியதற்கு முப்பது வருஷத்துக்கும் முன்னாடி நடந்த வேலை இது.

இவ்வளவு செஞ்சவருக்கு என்ன கிடைச்சது? 1859ல் மதராஸ் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், இது வீண் செலவு என்று வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். ட்ரைப் படையிலேயே தொடர்ந்து, ஓய்வுபெற்று ஊர் திரும்பி, 1902 மார்ச் 2 அன்று பிறந்த ஊரிலேயே காலமானார். நடுவில் இருந்த நாற்பது வருஷத்தில் அவர் எடுத்த படங்கள் மிகச் சொற்பம். சுறுசுறுப்பா கேமராவோடு இருந்தது ஆறே வருஷம்தான். அந்தப் படங்களை இன்னிக்கும் உலக மியூசியங்கள் பாதுகாக்கின்றன.

அவர்கிட்ட இருந்து நாம எடுத்துக்க வேண்டியது இதுதான்: கேமராவின் பாரத்தைக் கையிடம் விடாதீங்க. முழங்கை ரெண்டையும் விலாவோடு சேருங்க. தூணோ சுவரோ இருந்தா சாயுங்க. மூச்சை விட்டுட்டு மெதுவா அழுத்துங்க. போனை ஏதாவது மேல வெச்சிட்டா 3 செகண்ட் டைமர் போடுங்க, விரல் பட்ட அதிர்வு அதுக்குள்ள அடங்கிடும். கேமராவில் 200 மி.மீ. லென்ஸ் போட்டா, கையில் பிடிக்கும்போது ஷட்டர் 1/200க்குக் கீழே இறங்கக் கூடாதுங்கிறது பழைய கணக்கு. பழவேற்காட்டுல படகிலிருந்து பூநாரை எடுக்கிறப்போ மட்டும் ஸ்டாண்ட் உதவாது. படகே ஆடுது, பறவையும் பறக்குது. அங்கே ஷட்டர் வேகத்தை 1/1000 பக்கம் ஏத்தணும்.

அடுத்த தடவை தஞ்சாவூர் போனா கோபுரத்தோட செல்ஃபி எடுத்து முடிச்சதும், அந்த அடித்தளத்துக்கிட்ட போங்க. ஒரு கல்வெட்டு வரியைப் பக்கத்து பக்கத்துல மூணு படமா எடுத்து ஒட்டிப் பாருங்க. வரி நேரா வந்துச்சுன்னா நம்ம குரூப்ல போடுங்க.