ஃபாரடேவும் ஏபிஎஸ் விளக்கும்

உங்க வீட்டில் வயசான கார் ஒன்று இருந்தால் இந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கலாம். ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது டாஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு மஞ்சளாக எரியும். கூடவே டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கும் சேர்ந்துகொள்ளும். ஓரமாக நிறுத்தி, ஆஃப் பண்ணி, திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் இரண்டும் காணாமல் போயிருக்கும். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் விட்டால், மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாத்தான் இருக்கு என்பார். வெளியே வந்து முதல் வளைவில் திரும்பினால் மறுபடி மஞ்சள்.

நிற்கும்போது ஒழுங்காக இருந்து, ஓடும்போது மட்டும் தலைகாட்டுகிற இந்தக் கோளாறைப் புரிஞ்சுக்கணும்னா, ஒரு மனிதரோட கதையைத் தெரிஞ்சுக்கிறது நல்லது. அவர் காரையே பார்த்ததில்லை. அவர் பெயர் மைக்கேல் ஃபாரடே. ஆமாம், பிளஸ் டூ பிசிக்ஸில் நீங்க மனப்பாடம் பண்ணி, பரீட்சை முடிஞ்சதும் மறந்த அதே ஃபாரடேதான்.

1791 செப்டம்பர் 22 அன்று லண்டனுக்குத் தெற்கே நியூயிங்டனில் பிறந்தார். அப்பா கொல்லர், அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகிறவர். 1801-ல் விலைவாசி ஏறியபோது, ஒரு ரொட்டியைக் கொடுத்து அதை ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்ன வீடு அது. எழுதப் படிக்க, கொஞ்சம் கணக்குப் போடத் தெரிந்ததோடு பள்ளிக்கூடம் முடிந்தது. 14 வயதில் ரீபோ என்பவரின் கடையில் புத்தக பைண்டிங் கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். மொத்தம் ஏழு வருஷம்.

பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களை அவர் தைத்துக் கொடுத்ததோடு நிறுத்தவில்லை, படித்தார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றி வந்த கட்டுரை ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது. கைக்காசைப் போட்டு சின்னச் சின்னக் கருவிகள் செய்து, புத்தகத்தில் இருப்பது உண்மைதானா என்று சோதித்துப் பார்த்தார். இந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை. யார் எழுதியிருந்தாலும், தன் கண்ணால் பார்க்காமல் அவர் நம்பமாட்டார்.

1812-ல் கடை வாடிக்கையாளர் ஒருவர் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். அன்றைக்கு இங்கிலாந்தின் பெரிய வேதியியல் நட்சத்திரம் டேவிதான். ஃபாரடே நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, படம் வரைந்து, சுமார் 300 பக்கத்துக்கு எழுதித் தானே பைண்டிங் பண்ணி டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது. அந்த வருஷமே டேவியோடு ஐரோப்பியப் பயணம். ஆனால் டேவியின் வேலைக்காரர் வர மறுத்ததால், அந்த வேலையும் ஃபாரடே தலையில் விழுந்தது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகவே நடத்தினார். பாதியில் திரும்பிவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார். ஆனால் திரும்பவில்லை.

1820-ல் டென்மார்க்கில் ஓர்ஸ்டெட், கரன்ட் போகும் கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி திரும்புவதைக் கண்டுபிடித்தார். அடுத்த வருஷம் ஃபாரடே, கரன்ட் போகும் கம்பி ஒரு காந்தத்தைச் சுற்றி விடாமல் சுழலும்படி செய்து காட்டினார். இன்றைய மோட்டாருக்கெல்லாம் அது மூதாதை. சந்தோஷத்தில் அவசரமாக அச்சுக்குக் கொடுத்துவிட்டார். இதே விஷயத்தில் முன்பே முயன்ற வொல்லஸ்டனுக்கும் டேவிக்கும் நன்றி சொல்ல விட்டுப்போனது. அடுத்தவர் யோசனையைத் திருடிவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. 1824-ல் அவரை ராயல் சொசைட்டியில் சேர்ப்பதை எதிர்த்தவர், அவரைக் கைதூக்கிவிட்ட அதே டேவிதான். எதிர்ப்பை மீறி ஃபாரடே தேர்வானார். ஆனால் அதன் பிறகு பல வருஷம் அவர் நேரத்தின் பெரும்பகுதி கண்ணாடி உருக்குவது போன்ற ஒப்படைத்த வேலைகளில் போனது.

இதற்கு நடுவிலும் ஒரு கேள்வி அவரைக் குடைந்துகொண்டே இருந்தது. மின்சாரம் காந்தத்தை உண்டாக்குகிறது என்றால், காந்தம் ஏன் மின்சாரத்தை உண்டாக்கக் கூடாது? 1825-ல் இரண்டு கம்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் கரன்ட் விட்டு, மற்றதில் ஏதாவது வருகிறதா என்று பார்த்தார். ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வரவில்லை என்பதையும் நோட்டில் எழுதி வைத்தார்.

அதே சமயத்தில் ஜெனீவாவில் கொலாடன் என்ற இளைஞரும் இதைத்தான் தேடிக்கொண்டிருந்தார். காந்தம் பக்கத்தில் இருந்தால் கால்வனோமீட்டர் முள் தானாகவே திரும்பிவிடுமே என்று பயந்து, அதை நீளமான கம்பியில் இணைத்து வேறொரு அறையில் வைத்தார். காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்துவிட்டு அந்த அறைக்கு நடந்து போய்ப் பார்ப்பார். முள் பூஜ்ஜியத்தில் நிற்கும். அவர் நடந்து போகும் நேரத்துக்குள் முள் அசைந்து, திரும்பப் பழைய இடத்துக்கே வந்துவிட்டிருந்தது. அவர் சோதனையில் தப்பே இல்லை. பார்க்க வேண்டிய நொடியில் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

1831 ஆகஸ்ட் 29. ஃபாரடே ஒரு இரும்பு வளையத்தின் ஒரு பக்கம் ஒரு கம்பிச் சுருளும், எதிர்ப்பக்கம் இன்னொரு சுருளும் சுற்றினார். ஒன்றை பேட்டரியில் இணைத்தார். மற்றதை, கொஞ்சம் தள்ளி வைத்த காந்த ஊசியின் மேல் போகும் கம்பியில் இணைத்தார். பேட்டரியைச் சேர்த்தபோது ஊசி துள்ளி, ஆடி, அடங்கியது. கரன்ட் தொடர்ந்து போனாலும் ஊசி அதற்குப் பிறகு அசையவில்லை. பேட்டரியை எடுத்தபோது மறுபடி ஒரு துள்ளல். வேற யாராவது இருந்தால் மேஜை ஆடியிருக்கும் என்று விட்டிருப்பார்கள். ஃபாரடே அந்தத் துள்ளலைத்தான் பிடித்துக்கொண்டார். அக்டோபர் 17 அன்று பேட்டரியே இல்லாமல், வெறும் காந்தத்தைச் சுருளுக்குள் தள்ளினார். முள் ஒரு பக்கம் திரும்பியது. வெளியே இழுத்தார், எதிர்ப்பக்கம் திரும்பியது. சும்மா வைத்தால் ஒன்றுமில்லை.

பத்து வருஷப் புதிருக்கு விடை இதுதான்: காந்தம் இருந்தால் மட்டும் போதாது. மாற்றம் இருக்கணும். மாற்றம் நின்றால் மின்சாரமும் நின்றுவிடும்.

இப்போ உங்க காருக்கு வருவோம். பாஷ் நிறுவனத்தின் எலக்ட்ரானிக் ஏபிஎஸ் 1978-ல் மெர்சிடிஸ் பென்ஸ் காரில் வந்தது, அதாவது அந்தத் துள்ளலுக்கு 147 வருஷம் கழித்து. பழைய கார்கள் பலவற்றில் சக்கரத்தின் வேகத்தைப் பார்க்கும் சென்சார் என்பது ஒரு காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும்தான். அதற்கு எதிரே சக்கரத்தோடு சுற்றும் பல் வச்ச இரும்பு வளையம். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது காந்தப்புலம் மாறும். சுருளில் ஒரு சின்ன வோல்டேஜ் எழும். சக்கரம் நின்றால் சென்சாரும் ஊமை. டிராக்‌ஷன் கன்ட்ரோலும் இதே நாலு சென்சாரை நம்பித்தான் இருக்கு. அதனால்தான் இரண்டு விளக்கும் சேர்ந்தே எரியுது.

நிறுத்தின காரில் மீட்டர் வைத்து ரெசிஸ்டன்ஸ் பார்க்கிற மெக்கானிக், அடுத்த அறைக்கு நடந்து போன கொலாடன் மாதிரி. சுருள் அறுந்திருக்கா இல்லையா என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். ஸ்டியரிங் திருப்பும்போது மட்டும் விட்டுப்போகிற வயர், ஆட்டம் கண்ட வீல் பேரிங், சென்சார் உட்காரும் இடத்தில் துரு ஏறி அதிகமான இடைவெளி, விரிசல் விட்ட பல் வளையம், இதெல்லாம் அசைவில்தான் வெளியே வரும். அந்த இடைவெளியே சுமார் 1 மில்லிமீட்டர்தான். அது கூடினால் வோல்டேஜ் குறையும். கார் மெதுவாகி நிற்கப்போகும்போது அந்த ஒரு சக்கரம் மட்டும் முன்னாடியே நின்ற மாதிரி கன்ட்ரோல் யூனிட்டுக்குத் தெரியும். சக்கரம் லாக் ஆகிவிட்டதென்று நினைத்து அது பிரேக்கைத் தளர்த்தும்; பெடல் காலுக்கடியில் அதிரும்.

அதனால் சென்சாரை உடனே வாங்கி மாட்டாதீங்க. முதலில் பதிவான கோடைப் படிங்க. பேட்டரி வோல்டேஜையும் கனெக்டர்களையும் பாருங்க. பிறகு காலி ரோட்டில் ஒருத்தர் ஓட்டட்டும். பக்கத்தில் இருப்பவர் ஸ்கேனரில் நாலு சக்கர வேகத்தையும் ஓடும்போதே கவனிக்கட்டும். எது திடீரென்று பூஜ்ஜியமாகுதோ அதுதான் ஆள். வண்டியை ஸ்டாண்டில் பத்திரமாகத் தூக்கி நிறுத்தி, அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றி, மல்டிமீட்டரை ஏசி வோல்டேஜில் வைத்து எதிர்ப்பக்கச் சக்கரத்தோடு ஒப்பிடுங்க. வயரை ஆட்டிக்கொண்டே முள்ளைப் பாருங்க. மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பொதுவாக வேலை செய்யும்; ஏபிஎஸ் உதவி இருக்காது. சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்தால் வண்டியை எடுக்காதீங்க.

ஃபாரடேவுக்கு ஞாபக சக்தி குறைவு. வயசாக ஆக அது இன்னும் மோசமானது. அதனால் பார்த்ததையெல்லாம் எண் போட்டு எழுதினார். அந்தப் பத்திகள் 16,000-ஐத் தாண்டின. உயர்கணிதம் அவருக்குத் தெரியாது. அவர் கண்ணால் பார்த்ததைச் சமன்பாடாக்க மேக்ஸ்வெல் வரவேண்டியிருந்தது. சர் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டித் தலைவர் பதவியையும் மறுத்தார். சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை மட்டும் 19 வருஷம் நடத்தினார். 1867 ஆகஸ்ட் 25 அன்று, ஹாம்ப்டன் கோர்ட் வீட்டில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் பிரிந்தது.

நம்ம லேபில் ரீடிங் சரியா வரலைன்னா சீனியரோட ரெக்கார்டைப் பார்த்து எழுதிடுறோம். ஒன்றும் வரவில்லை என்று 1825-ல் எழுதி வைத்தாரே, அந்த ஒரு வரியை எழுத நமக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அடுத்த தடவை அந்த மஞ்சள் விளக்கு எரிந்தால், எந்த வேகத்தில், எந்தப் பக்கம் திரும்பும்போது, மழையா வெயிலா என்று ஒரு நோட்டில் குறிச்சு வைங்க. பாதி வேலை அங்கேயே முடிஞ்சிடும்.