அணைக்கரையும் ஆர்தர் காட்டனும்

சென்ற இதழில் நம் தெருமுனைச் சாக்கடை பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, இம்முறை ஏதாவது பெரிய மனிதர் வாழ்க்கையை எழுதுங்கள் என்று இரண்டு பேர் கேட்டார்கள். காலையில் குடமுருட்டிக் கரையோரம் சைக்கிளில் போய்வரும் நம் குழுவினரோ, லாரிகளுக்கு நடுவே பாலங்களைக் கடப்பதே பெரும்பாடாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டுக்கும் பொருந்துகிற ஒருவர் இருக்கிறார். பாபநாசத்திலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போகும்போது கும்பகோணம், சோழபுரம், திருப்பனந்தாள் தாண்டி அணைக்கரையில் நம்மை நிறுத்திவைக்கிற ஒற்றைவழிப் பாலம் நினைவிருக்கும். அந்த இடத்தைத் தேர்ந்து கொள்ளிடத்தின் குறுக்கே முதலில் அணை போட்டவர் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். ஆந்திரத்தில் அவரைத் தெரியாத விவசாயி இல்லை. நம் பக்கத்தில் அவ்வளவாக யாரும் அவரைப் பற்றிப் பேசுவதில்லை.

காட்டன் பிறந்தது 1803 மே 15. அண்ணன் தம்பிகள் பலர் இருந்த பெரிய குடும்பம். அக்காலத்தில் அப்படிப்பட்ட குடும்பங்களில் இளைய பிள்ளைகளுக்குச் சொத்து வராது, உத்தியோகம்தான். 15 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். 1819ல் சென்னைப் படையின் பொறியாளர் பிரிவில் நியமனம் ஆனார். 1821ல் சென்னை வந்து இறங்கியபோது வயது 18. அடுத்த ஆண்டே பாம்பன் கால்வாயை அளக்க அனுப்பினார்கள்.

1820களின் பிற்பகுதியில் அவர் காவிரிப் பக்கம் வந்தார். அப்போது தஞ்சாவூர்ச் சீமைக்கு ஒரு பெரிய ஆபத்து இருந்தது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே வருவது நம் காவிரி. கொள்ளிடம் நேராகவும் சரிவாகவும் ஓடுகிறது. தண்ணீருக்கு எது பள்ளமோ அதுதானே வழி! ஆண்டுக்கு ஆண்டு கொள்ளிடத்தில் தண்ணீர் கூடிக்கொண்டே போக, காவிரியின் வாயில் மணல் மேடிட்டுக்கொண்டே வந்தது. மணலை வாரிக் கொட்ட வருஷா வருஷம் ஆள் பிடித்தார்கள். அடுத்த வெள்ளத்தில் மறுபடி மேடாகிவிடும். இப்படியே விட்டிருந்தால் குடமுருட்டியும் அரசலாறும் வெண்ணாறும் மெல்ல மெல்ல வறண்டு போயிருக்கும். நம் பாபநாசம் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து வட்ட நெற்களஞ்சியம் ஒன்று கம்பீரமாக நிற்கிறதே, அதை நிரப்ப நெல் ஏது?

காட்டன் பாடம் படித்த இடம் கல்லணை. ஆற்று மணலில் அஸ்திவாரம் நிற்காது, பாறை வேண்டும் என்பதுதான் அவர் காலத்து ஐரோப்பியப் பொறியாளர்களின் எண்ணம். ஆனால் இங்கே சுமார் 1,080 அடி நீளத்துக்கு, மணலிலேயே பெருங்கற்களைப் புதையவிட்டு, களிமண் சேர்த்துக் கட்டிய அணை நூற்றாண்டு நூற்றாண்டாக வெள்ளத்தைத் தாங்கி நிற்கிறது. மணலில் கல்லைப் போட்டால் முதலில் அமிழும், மேலும் போட்டால் ஓரளவுக்கு மேல் அமிழாது நின்றுவிடும். இந்த நுட்பத்தை நம்மூர்ப் பழைய கட்டுமானத்திலிருந்தே கற்றுக்கொண்டதாக அவர் தயங்காமல் ஒப்புக்கொண்டவர். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். 1830ல் கல்லணையில் மணல்போக்கி மதகுகள் வைத்தார். 1839ல் கல்லணை மேல் பாலமும் வந்தது. அணை என்பது அதுவரை தண்ணீருக்கானது மட்டும். அதற்குப்பின் அது மனிதர் கடக்கும் வழியும் ஆயிற்று.

1836ல் இரண்டு அணைகள் எழும்பின. முக்கொம்பில், கொள்ளிடத்தின் வாயில் மேலணை. அதற்கு ஏறக்குறைய 110 கிலோமீட்டர் கீழே அணைக்கரையில் கீழணை. மேலணை நமக்காக. கொள்ளிடத்தின் வேகத்தைத் தடுத்து, காவிரிக்குரிய பங்கைக் காவிரிக்கே திருப்பியது. கீழணை எதற்காக என்று பலருக்குத் தெரியாது. மேலே தடுத்துவிட்டால் கொள்ளிடத்தின் கடைசிப் பகுதியை நம்பியிருந்த தென்னாற்காட்டுக்காரர்களும், நம் மாவட்டத்தின் கடைக்கோடிக்காரர்களும் என்ன செய்வார்கள்? ஒரு கணக்கில் வரவு வைத்தால் இன்னொரு கணக்கில் பற்று எழுதித்தானே ஆகவேண்டும். 35 ஆண்டு பேரேடு பார்த்த எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கிறது. கொள்ளிடத்தில் மிஞ்சி வருவதையும் கசிந்து சேருவதையும் அணைக்கரையில் தேக்கி, வடக்கே வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கும் வடக்கு ராஜன் வாய்க்காலுக்கும், தெற்கே தெற்கு ராஜன் வாய்க்காலுக்கும் குமுக்கிமண்ணியாற்றுக்கும் பிரித்துவிட்டார்கள். இன்று சென்னைவாசிகள் குடிக்கிற வீராணம் தண்ணீரும் இந்த வழியாகப் போவதுதான். சென்னையில் இருக்கும் நம் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

எல்லாம் ஒரே தடவையில் சரியாகிவிடவில்லை. மேலணை கட்டியபின் காவிரிக்குள் அளவுக்கு மீறித் தண்ணீர் புகுந்து ஆற்றின் அடியை அரித்தது. கரைகளுக்கு ஆபத்து வந்தது. 1840களில் மேலணையின் ஒரு பகுதியை உயரம் குறைத்தார்கள். காவிரியின் வாயிலும் படுகை மட்டத்தைக் காக்க ஒரு சுவர் போட்டார்கள். கட்டிய பிறகு ஆறு என்ன செய்கிறது என்று உட்கார்ந்து பார்த்து, அதற்கேற்ப மாற்றுவது என்ற பழக்கம் அப்போது இருந்தது. திறப்பு விழா முடிந்ததும் கோப்பை மூடிவிடும் பழக்கம் எப்போது வந்தது என்று தெரியவில்லை!

இதே காலத்தில் சென்னையில் இன்னொரு வேலை. சாலை போட செம்பாறைக் கல் வேண்டும். கல் செங்குன்றத்தில் கிடைக்கிறது. மாட்டு வண்டியில் கொண்டுவந்தால் செலவு கட்டாது. அதற்காக 1837ல் செங்குன்றத்திலிருந்து தண்டவாளம் போட்டார்கள். இந்தியாவின் முதல் ரயில் என்று பம்பாய்–தாணா பாதையைச் சொல்கிறோம். அது பயணிகளுக்கு 1853ல் வந்தது. சாலைக்கல் சுமந்த இந்தச் செங்குன்றம் ரயில் அதற்கு 16 ஆண்டு மூத்தது, காட்டன் முயற்சியில் வந்தது. அப்படிப்பட்டவரே பின்னாளில் ரயிலுக்கு எதிரி ஆனதுதான் விசித்திரம்.

உடல்நலம் கெட்டு அவர் டாஸ்மேனியா போய்த் தங்கினார். அங்கே 1841ல் எலிசபெத் லியர்மன்த் என்பவரை மணந்தார். திரும்பி வந்தபின் கோதாவரி. அங்கே நிலைமை நம்மைவிடப் பரிதாபம். 1832–33 பஞ்சம் சூறையாடிவிட்டிருந்தது. 1821ல் சுமார் 7 லட்சத்து 38 ஆயிரமாக இருந்த ராஜமுந்திரி மாவட்ட மக்கள்தொகை 1841ல் சுமார் 5 லட்சத்து 61 ஆயிரமாகக் குறைந்துவிட்டது. கண்ணெதிரே கோதாவரி கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, கரையில் மக்கள் சாகிறார்கள். காட்டன் அரசுக்கு எழுதி எழுதி அனுமதி வாங்கினார். 1847ல் தவளேஸ்வரத்தில் வேலை தொடங்கி 1852ல் முடிந்தது. வீணம் வீரண்ணா என்ற இந்தியப் பொறியாளர் அவருக்கு வலது கையாக இருந்தார். அவருக்கு ராய் பகதூர் பட்டம் கிடைத்தது. இன்று கோதாவரி மாவட்டங்களில் ஊருக்கு ஊர் காட்டன் சிலை நிற்கிறது. தவளேஸ்வரத்தில் அருங்காட்சியகமே வைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் பழைய அணைக்குப் பதிலாக எழுந்த புதிய அணைக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். அதன் மேல் சாலை போகிறது.

கோதாவரி வாய்க்கால்களை அவர் படகு போகும்படி வெட்டினார். பாசனம் ஒரு பயன், போக்குவரத்து இன்னொரு பயன். ஒரு மூட்டை நெல்லை ஒரு மைல் கொண்டுபோக வண்டிக்கு என்ன செலவு, ரயிலுக்கு என்ன, படகுக்கு என்ன என்று அவர் சலிக்காமல் கணக்குப் போட்டார். ரயிலுக்குப் போடும் பணத்தை வாய்க்காலுக்குப் போடுங்கள், பஞ்சமும் தீரும், சரக்கும் மலிவாகப் போகும் என்பதுதான் வாழ்நாள் முழுக்க அவர் கட்சி. இந்தியாவின் பெரிய ஆறுகளையெல்லாம் கால்வாயால் இணைத்துப் படகு விடலாம் என்றும் திட்டம் சொன்னார். இன்று நதிநீர் இணைப்பு என்று பேசும்போதெல்லாம் அவர் பெயர் வருவது இதனால்தான்.

இதில் அவர் சொன்னது எல்லாம் பலித்ததா என்றால் இல்லை. துங்கபத்திரையிலிருந்து கர்னூல்–கடப்பா கால்வாய் வெட்ட ஒரு தனியார் கம்பெனி வந்தது. பின்னணியில் காட்டனின் யோசனை. போட்ட 10 லட்சம் பவுன் முதலுக்கு அரசே 5 சதவீத வட்டிக்கு உத்தரவாதம் கொடுத்தது. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் வட்டி நிச்சயம் என்றால் கடன் வாங்கியவன் எப்படி வேலை பார்ப்பான் என்பதை எங்கள் துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். செலவு ஏறியது, கரிசல் நாட்டு விவசாயிகள் தண்ணீர் வாங்க முன்வரவில்லை. 1882ல் அரசே அதை வாங்கவேண்டி வந்தது. 1878ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு அவரைக் கூப்பிட்டுக் குறுக்கு விசாரணை செய்தது. அவருடைய மதிப்பீடுகளை ஏற்கவில்லை. டெல்டாவில் சமதரையும் வண்டலும் கூடியிருந்தன, அதனால் கணக்கு பலித்தது. மேட்டு நாட்டில் அதே கணக்கு பலிக்கவில்லை. இதை அவர் கடைசிவரை முழுமையாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். கம்பெனி அரசு இந்த அணைகளுக்குச் சம்மதித்தது தர்மத்துக்காக அல்ல. தண்ணீர் பாய்ந்தால் நிலவரி ஏறும். ஏறியது.

1861ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. ஜெனரல் பதவி வரை உயர்ந்து, 1877ல் ஓய்வு பெற்றார். இங்கிலாந்தில் டார்க்கிங் என்ற ஊரில் வீடு. சும்மா இருக்கவில்லை, தோட்டத்தில் ஆழ உழுது கோதுமை விளைச்சலைக் கூட்ட முடியுமா என்று 90 வயதுக்கு மேலும் சோதித்துக்கொண்டிருந்தார். 1899 ஜூலை 24 அன்று, 96 வயதில் காலமானார். மறு ஆண்டு அவர் மகள் லேடி ஹோப் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார்.

இனி அவர் விட்டுப்போன இரண்டு கடவுகளுக்கு வருகிறேன். 2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 ஷட்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. அணைக்கு வயது 182. மேலிருந்த பாலமும் அந்த இடத்தில் விழுந்ததால், வாத்தலைப் பக்கத்துக்காரர்கள் சைக்கிளிலும் இருசக்கர வண்டியிலும் அக்கரை போய்வந்த வழி அன்றோடு அறுந்தது. வயதுதான் காரணம் என்றது அரசுத் தரப்பு. மணல் அள்ளியதால்தான் என்றார்கள் மற்றவர்கள். இப்போது அங்கே புதிய கதவணை கட்டியாகிவிட்டது.

அணைக்கரை இன்னும் நிற்கிறது. நாம் பார்க்கும் ஷட்டர்களும் பாலத்தின் இன்றைய உருவமும் காட்டனுக்குப் பின் திருத்தி அமைத்தவை. எப்படியானாலும் மாட்டு வண்டியை மனதில் வைத்த அகலம் அது. எதிரும் புதிருமாக இரண்டு பேருந்து போகமுடியாது. ஒரு பக்கம் நிறுத்தி மறுபக்கம் விடுகிறார்கள். கனரக வண்டிகளுக்குத் தடை போட்டுச் சுற்றுவழி அனுப்பியதும் உண்டு. அணை நீர்வளத் துறையினுடையது, மேலே போகிற சாலை நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு, தென்கரை தஞ்சாவூர் மாவட்டம், வடகரையில் அரியலூரும் கடலூரும். ஒரு பள்ளத்தை மூட எத்தனை கையெழுத்து வேண்டும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். காட்டன் காலத்திலும் தஞ்சை, திருச்சி, தென்னாற்காடு என்று மூன்று கலெக்டர்கள்தான். ஆனால் மூவரின் தண்ணீரையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்க ஒரு ஆள் இருந்தார்.

கொள்ளிடத்தைக் கடக்க நமக்கு வேறு வழிகளும் உண்டு. தஞ்சாவூரிலிருந்து அரியலூர் போகும் வழியில் திருமானூர்ப் பாலம், கும்பகோணத்துக்கு வடக்கே நீலத்தநல்லூர்–மதனத்தூர் பாலம். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலைத் திட்டத்திலும் கொள்ளிடத்துக்கென்று தனிப் பாலம் இருக்கிறது. லாரியும் பேருந்தும் அதில் போனால், கீழணைப் பாலத்தைச் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும், வயலுக்குப் போகிற இருசக்கர வண்டிகளுக்கும் மட்டும் விட்டுவிடலாமே என்பது என் யோசனை. பழைய கட்டுமானத்துக்கும் பாரம் குறையும், பள்ளிப் பிள்ளைகளுக்கும் பயம் இருக்காது. செலவு என்று பார்த்தால் இரண்டு முனையிலும் நான்கு கல் நடவேண்டும், அவ்வளவுதான். இப்போது முடிவு எடுக்காவிட்டால், புதுப் பாலத்தில் சுங்கம் கட்டவேண்டும் என்று லாரிகள் பழைய பாலத்துக்கே திரும்பிவரும்.

அடுத்த கூட்டத்தில் இதை ஒரு மனுவாக எழுதி வைக்கிறேன். நீர்வளத் துறை, நெடுஞ்சாலைத் துறை, மூன்று மாவட்ட ஆட்சியர்கள் என ஐந்து நகல் எடுக்கவேண்டும். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் சங்க அலுவலகத்தில் ஞாயிறு காலை 10 மணிக்கு வரலாம்.