அம்பேத்கர் கடல் கடந்து கற்ற வரலாறு

நம்மவர் பிள்ளைகள் பலர் முதுகலை பயில அயல்நாடு செல்லும் இந்நாளில், பெற்றோர் அறியத்தக்க வரலாறு ஒன்றைச் சுருக்கி உரைக்கின்றேன்.

பீமராவ் அம்பேத்கர் 1913-இல் தந்தையாரை இழந்தார். அவ்வாண்டிலேயே பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்குவாடு அளித்த உதவித்தொகையுடன் நியூயார்க்கு நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகம் புகுந்தார். தொகை திங்களுக்கு 11½ பவுன். காலம் 3 ஆண்டு. உண்டி சுருக்கிப் பழைய நூல்களை வாங்கிக் குவித்தார். பண்டை இந்திய வாணிகம் பற்றி ஆய்வுரை எழுதி 1915-இல் முதுகலைப் பட்டம் எய்தினார்.

அடுத்த ஆண்டு இலண்டன் பொருளியற் கல்லூரியிற் சேர்ந்தார். ஆயின் உதவித்தொகைக் காலம் முடியவே, 1917-இல் படிப்பை இடையில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. 4 ஆண்டிற்குள் மீண்டு வரின் தொடரலாம் என்று பல்கலைக்கழகத்தார் இசைந்தனர். வேறு கப்பலில் அனுப்பிய நூல்கள், போர்க்காலமாதலின், அக்கப்பல் தாக்குண்டு மூழ்கக் கடலுக்கிரையாயின.

பரோடாவில் உயர்ந்த உத்தியோகம் கிடைத்தது. குடியிருக்க ஓரிடம் கிடைத்திலது. தீண்டத்தகாதவர் எனக் கூறிப் பார்சியர் விடுதியினின்று தடியேந்தி வெளியேற்றினர். சாதிச் சங்கத்து இதழில் இதனை எழுதுங்கால் நாணம் மேலிடுகின்றது.

பின்னர்ப் பம்பாய்ச் சிடன்ஹாம் கல்லூரியிற் பேராசிரியராயமர்ந்து ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகாராசர் பொருள் உதவினார். நாவல் பதேனா என்னும் நண்பர் கடன் கொடுத்தார். அந்நண்பரும் பார்சியரே என்பது கருதத்தக்கது. தவணை கழியுமுன், 1920-இல் மீண்டும் கப்பலேறினார். 1921-இல் எம்.எஸ்ஸி. பட்டமும் 1923-இல் டி.எஸ்ஸி. பட்டமும் இலண்டனில் பெற்றார். அந்நாளெல்லாம் மனைவியார் இரமாபாய் பம்பாயில் வறுமையோடு பொருதி இல்லத்தைத் தாங்கி நின்றார்.