புகைப்பட மேதை ராஜா தீனதயாள்

நாம் வாழும் இச்செகந்திராபாத் நகரில் ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் வடநாட்டினின்றும் வந்து குடியேறி, இவ்வூருக்கே பெரும்புகழ் ஈட்டித் தந்த ஒருவரை நாம் அறிந்துகொள்ளுதல் நலம். அவரே ராஜா தீனதயாள்.

மீரத் நகரை அடுத்த சர்தானாவில், இரத்தின வணிகம் செய்த சமணக் குடும்பத்தில் 1844-ஆம் ஆண்டு பிறந்தார். ரூர்க்கிப் பொறியியற் கல்லூரியில் பயின்று, 1866-இல் இந்தூர் பொதுப்பணித் துறையில் மதிப்பீட்டாளராகவும் வரைவாளராகவும் அமர்ந்தார். நம்மைப் போன்று மாதச் சம்பளம் பெற்றவரே அவர்.

1874-ஆம் ஆண்டளவில் புகைப்படக் கலையில் நாட்டங்கொண்டார். அக்காலத்தில் அஃது எளிய செயலன்று. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனே துலக்கியாக வேண்டும். அலுவலில் கோடும் அளவும் பழகிய கண்ணும் கையும் இக்கலையில் அவருக்குப் பெருந்துணையாயின. தூண்கள் சாயாது நிற்கும் கோணத்தை நாடினார். கட்டடத்தின் உயரம் விளங்க அதனருகே ஓர் ஆளை நிறுத்துவதும் உண்டு. குவாலியர், சாஞ்சி முதலிய இடங்களில் அவர் எடுத்த படங்கள் 1886-இல் நூலாக வெளிவந்தன.

பின்னர், நாற்பதைக் கடந்த வயதில், நிலையான அரசுப் பணியைத் துறந்து கலையையே தொழிலாகக் கொண்டார். ஓய்வூதியத்தை எண்ணி நாட்கழிக்கும் நமக்கு அத்துணிவின் அருமை நன்கு விளங்கும். ஆறாம் நிஜாம் மகபூப் அலிகான் அவரை அரசவைப் புகைப்படக்காரராக்கிப் பட்டமும் வழங்கினார். கோஷாப் பெண்டிர் அச்சமின்றிப் படமெடுத்துக்கொள்ள 1892-இல் ஐதராபாத்தில் தனி நிலையம் அமைத்து, அதனை ஓர் ஆங்கில மாதின் பொறுப்பில் விட்டார். 1896-இல் பம்பாயிலும் நிலையம் கண்டார். மறு ஆண்டு விக்டோரியா அரசியாரின் நியமனமும் கிட்டியது. மன்னரின் வேட்டையைப் படமெடுத்த அதே கருவியால் பஞ்ச நிவாரணப் பணிகளையும் பதிவு செய்தார்.

1905-இல் அவர் மறைந்தார். அவர்தம் கண்ணாடித் தகடுகளுள் ஈராயிரத்துக்கு மேற்பட்டவை டில்லி இந்திராகாந்தி தேசியக் கலை மையத்தில் காக்கப்படுகின்றன. 2006-இல் அஞ்சல் தலையும் வெளியாயிற்று.

பிழைக்க வந்த ஊரைத் தம் ஊராகவே மதித்து, அதன் முகத்தை அழியாது காத்தளித்தார் அப்பெரியார். பிழைப்பு நாடி இங்கு வந்த நாம் இவ்வூருக்கு எதனை விட்டுச் செல்லப் போகின்றோம்? இவ்வாண்டு விழாவில் நம்மை நாமே இவ்வாறு வினவிக்கொள்வோமாக.