ஜேம்ஸ் பார்க்கின்ஸன்

பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த மீனவர் குப்பங்களில் வாழ்வோர்க்குக் காலே முதற் கருவி. ஆழங் குறைந்த அவ்வேரியிற் கழி ஊன்றித் தோணி செலுத்தவும், முழங்கால் நீரில் நின்று வலை இழுக்கவும் கால் உறுதி வேண்டும். பாடு முறைப்படி தம் முறைநாள் வந்தும் கரையிலே தயங்கி நிற்கும் முதியவரைச் சோம்பர் என்று எண்ணிவிடுதல் எளிது. அத்தகைய தயக்கம் நோயாகவும் இருக்கலாம் என்று நாம் அறிதற்கு வழிகோலியவர் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் என்னும் ஆங்கில வைத்தியர்.

இவர் 1755-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் லண்டனைச் சார்ந்த ஹாக்ஸ்டனிற் பிறந்தார். தந்தையார் ஜான் பார்க்கின்ஸனும் வைத்தியரே. மைந்தர் அத்தொழிலையே மேற்கொண்டு, பிறந்த ஊரிலேயே வாழ்ந்தார். ஏழைகள்பால் இரக்கமுற்று, அரசியற் சீர்திருத்தம் வேண்டிப் புனைபெயரிற் பிரசுரங்கள் எழுதினார். அதனால் அரசாங்கத்தாரின் ஐயத்திற்கு ஆளாகி, 1794-இல் பிரிவி கௌன்ஸில் முன் விசாரிக்கப்பட்டார். பண்டை உயிர்களின் கல்லெச்சங்களை ஆராய்ந்து மூன்று பாகங்களாக நூலும் இயற்றினார்.

எனினும் இவர் புகழை நிலைநிறுத்தியது, 1817-இல் தம் அறுபத்திரண்டாம் வயதில் வெளியிட்ட நடுக்குவாதம் பற்றிய சிறு நூலே. அதிற் கூறப்பட்ட நோயாளர் அறுவரே. அவருள் இருவரைத் தெருவிற் கண்டு வினவினார். ஒருவரைத் தொலைவிலிருந்தே நோக்கினார். ஓய்ந்திருக்கும் கை நடுங்குதலையும், உடல் முன்வளைதலையும், நடை தம்மையறியாமல் ஓட்டமாய் மாறுதலையும் குறித்து வைத்தார். 1824 டிசம்பர் 21-இல் இவர் காலமானார். பின்னர்ப் பிரெஞ்சு வைத்தியர் ஷார்க்கோ அந்நோய்க்கு இவர் பெயரையே வழங்கச் செய்தார்.

மூளையில் டோபமின் என்னும் பொருளை உண்டாக்கும் அணுக்கள் அழிவதே இதற்கு முக்கிய காரணம் என இன்று அறிகிறோம். முன்பாதத்தை உயர்த்தும் கணைக்காற்றசை தக்க நேரத்தில் தக்க வலிவுடன் இயங்காமையால் பாதம் தரையிலே தேய்கிறது. சிலர்க்குக் கால் நிலத்தோடு ஒட்டியதுபோல் நின்றுவிடுகிறது. தரையிற் குறுக்கே கோடுகள் இட்டால், அவற்றைத் தாண்டி நடக்கச் சிலரால் இயலுகின்றது.

நம் சென்னைக்கும் இவ்வரலாற்றிற் பங்குண்டு. 1937-இல் தாமோதரன், ராமசாமி என்னும் இரு அறிஞர்கள் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தமையை வெளியிட்டனர். அப்பொருளே பிற்காலத்தில் இந்நோயின் தலைசிறந்த மருந்தாயிற்று.

மாணவ நண்பர்களே, பார்க்கின்ஸன் தெருவிற் சென்றோரைக் கருணையுடன் உற்று நோக்கினார். நாமும், ஏரிக்கரையிலோ நம் இல்லத்திலோ முதியவர் ஒருவரின் அடி குறுகக் காணின், அவரைப் பழியாது வைத்தியரிடம் அழைத்துச் செல்வோமாக.