பெயர் போடாத 'மாணவர்'

தேர்வுத்தாளில் பெயர் எழுதாமல் கொடுத்தால், ஆசிரியரிடம் திட்டு தான் கிடைக்கும், இல்லையா குட்டீஸ்? தன் பெயரைப் போடாமலேயே உலகப் புகழ் பெற்ற ஒருவரைப் பற்றி, இந்த வாரம் பார்ப்போமா?

வில்லியம் சீலி கோசெட், இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரில், ஜூன் 13, 1876ல் பிறந்தார். ராணுவப் பொறியாளர் ஆக விரும்பினார்; பார்வைக் குறைவால் முடியவில்லை. ஆக்ஸ்போர்டில் கணிதமும், வேதியியலும் படித்தார். 1899ல், அயர்லாந்தின் டப்ளின் நகரில் உள்ள, கின்னஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். பார்லி தானியத்திலிருந்து, 'பீர்' என்ற மதுபானம் தயாரிக்கும் ஆலை அது. (நீங்கள் அறிந்த கின்னஸ் சாதனைப் புத்தகத்தை, 1955ல் துவக்கியதும் இதே நிறுவனம் தான்!)

எந்த பார்லி நல்லது என்று வயலில் விதைத்துப் பார்க்க, ஒரு பருவமே ஆகிவிடும். அதனால், கோசெட் கையில் நான்கைந்து அளவுகள் தான் இருக்கும். அன்றைய புள்ளியியல் முறைகளோ, நூற்றுக்கணக்கான அளவுகளைக் கேட்டன. நான்கை வைத்து, தப்பாக முடிவெடுத்தால் ஆலைக்கு நஷ்டம். என்ன செய்வது?

ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நினைத்துக் கொள்ளுங்கள். எடை, 100 கிராம் என்று அச்சிட்டிருக்கிறது. நான்கு பாக்கெட்டுகளை எடை போடுகிறீர்கள். 97, 96, 98, 97 கிராம். சராசரி 97. இன்னொரு கம்பெனி பாக்கெட்டுகள், 85, 109, 104, 90 கிராம். இதற்கும் சராசரி 97 தான்! இரண்டு கம்பெனியும் ஏமாற்றுகிறதா?

அவசரப்படாதீர்கள். இரண்டாவதில், எடைகள் கன்னாபின்னாவென்று சிதறிக் கிடக்கின்றன. 3 கிராம் குறைந்தது தற்செயலாகவும் இருக்கலாம். முதலாவதில், நான்கும் ஒட்டி நிற்கின்றன. அதனால், சந்தேகம் வலுக்கிறது.

குறையும் அளவை, இந்தச் சிதறலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆனால், நான்கே அளவுகளில் கணக்கிட்ட சிதறலையே முழுசாக நம்ப முடியாதே! அதற்கு எவ்வளவு சலுகை தர வேண்டும் என்று கண்டுபிடித்தது தான், கோசெட்டின் சாதனை.

இதற்காக, 1906ல் லண்டன் சென்று, பேராசிரியர் கார்ல் பியர்சனின் ஆய்வுக்கூடத்தில் படித்தார். கணக்கு சரிதானா என்று பார்க்க, அவர் செய்த வேலை தான் வேடிக்கை. 3,000 கைதிகளின் உயரத்தையும், இடது கை நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதினார். சீட்டுக்கட்டு போல நன்றாகக் குலுக்கி, நான்கு நான்காகப் பிரித்தார். மொத்தம், 750 கூட்டங்கள்! ஒவ்வொன்றுக்கும் சராசரியும், சிதறலும் கண்டுபிடித்தார். அப்போது ஏது கம்ப்யூட்டர்? விடைகள், அவரது சூத்திரத்தோடு நன்றாகவே பொருந்தின.

கட்டுரை, 1908ல், 'பயோமெட்ரிகா' இதழில் வெளியானது. தொழில் ரகசியம் வெளியே போகக் கூடாது என்பதால், ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத கின்னஸ் அனுமதிக்கவில்லை. எனவே, 'ஸ்டூடன்ட்' அதாவது, மாணவர் என்று போட்டுக் கொண்டார்.

அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, பியர்சனுக்கே ஆர்வமில்லை. 1912ல், ரொனால்ட் ஃபிஷர் என்ற இளைஞர், அந்தச் சூத்திரத்துக்கு முறையான கணித நிரூபணம் எழுதி அனுப்பினார். கோசெட்டுக்கே அது புரியவில்லையாம்! ஆனாலும், இருவரும் நண்பர்களாயினர். ஃபிஷரின் நூல்கள் வழியே, அந்த முறை உலகெங்கும் பரவியது.

கடைசி வரை கின்னஸ் ஊழியராகவே இருந்தார் கோசெட். 1935ல், நிறுவனத்தின் புதிய லண்டன் ஆலைக்குப் பொறுப்பேற்றுச் சென்றவர், அக்டோபர் 16, 1937ல், தன் 61வது வயதில் காலமானார். அவரது சோதனை, இன்றும் கல்லூரிப் பாடநூல்களில், 'ஸ்டூடன்ட் டி-சோதனை' என்ற பெயரில் தான் இருக்கிறது.