லேண்ட்மாஸ்டர் தந்தவரும் வானில் பறந்தவரும் ஒருவரே

எங்கள் வீட்டு முற்றத்தில் வாப்பாவின் லேண்ட்மாஸ்டர் நிற்கிறது. இரண்டு சில்லு, நீண்ட கைபிடி, பின்னால் பெட்டி. எந்தக் கம்பனி தயாரித்திருந்தாலும் எங்கள் பக்கம் கை உழவு இயந்திரத்துக்கு அதுதான் பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் இலங்கையர் இருக்கிறார் என்பதை உயர்தரத்தில் கணிதப் பிரிவில் சேர்ந்த பிறகுதான் அறிந்தேன். அவர் ரே விஜேவர்தன.

1924 ஓகஸ்ட் 20 ஆம் திகதி கொழும்பில் பிறந்த அவர், கல்கிசை புனித தோமையர் கல்லூரியில் படித்தார். பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்றார். பெரிய உழவு இயந்திரம் சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது என்று கண்டு, 1950களில் இருசில்லு உழவு இயந்திரத்தை வடிவமைத்தார். அது இங்கிலாந்தில் லேண்ட்மாஸ்டர் என்ற பெயரில் தயாரிக்கப்பட்டது. எருமைகளைக் கொண்டு வயல் மிதித்த காலத்தைப் பற்றி மூத்தவாப்பா கதைகதையாகச் சொல்வார். அந்தக் காலத்தை மாற்றிய இயந்திரங்களில் இதுவும் ஒன்று.

பாய்மரப் படகோட்டத்திலும் அவர் வல்லவர். 1968 இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் போட்டியிட்டார். ஆனால் அவருடைய தீராத ஆசை வானத்தில்தான் இருந்தது. இலகு விமானங்களையும் ஓட்டோஜைரோக்களையும் தானே வடிவமைத்துக் கட்டினார். கட்டியவற்றைத் தானே ஓட்டியும் பார்த்தார்.

விமானம் கட்டுபவருக்கு இறக்கைதான் பெரிய கவலை என்று நான் நினைத்திருந்தேன். தேடிப் படித்தபோது, சில்லை எங்கே பூட்டுவது என்பதும் அதே அளவு கடினமான கணக்கு என்று தெரிந்தது. வாலில் சிறு சில்லுள்ள இலகு விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பிரதான சில்லுகள் இரண்டும் புவியீர்ப்பு மையத்துக்குச் சற்று முன்னே இருக்க வேண்டும். விமானத்தை மட்டமாக நிறுத்தி, சில்லு நிலத்தைத் தொடும் இடத்திலிருந்து புவியீர்ப்பு மையத்துக்கு ஒரு கோடு வரைந்தால், அது நிலைக்குத்திலிருந்து ஏறக்குறைய 16 முதல் 25 பாகை வரை பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். கோணம் குறைந்தால் பிரேக் பிடித்ததும் விமானம் மூக்குக் குத்தும். கூடினால் வால் பாரமாகும். ஓடுபாதையில் சிறிது விலகினாலும், சில்லுக்குப் பின்னால் இருக்கும் பாரம் அந்த விலகலைப் பெரிதாக்கி விமானத்தையே சுழற்றிவிடும். ஓட்டுபவர் உடனுக்குடன் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இதை நான் எங்கள் முற்றத்திலேயே பார்த்திருக்கிறேன். வாப்பா பெட்டியோடு லேண்ட்மாஸ்டரைப் பின்னுக்கு எடுக்கும்போது, பெட்டி கொஞ்சம் கோணினாலும் அப்போதே திருத்துவார். விட்டால் மடங்கிவிடும். முதலாம் தவணையில் திருப்புதிறன் கணக்குகளில் சறுக்கி, கலைப் பிரிவுக்கு மாறட்டுமா என்று உம்மாவிடம் கேட்டிருந்தவள் நான். கரும்பலகையில் விளங்காத திருப்புதிறன் அந்த முற்றத்தில் விளங்கியது. பிறகு மாறுவதைப் பற்றி நான் பேசவில்லை.

ரே விஜேவர்தன தன் வாழ்க்கையின் கோணலையும் இப்படித்தான் திருத்தினார். அமெரிக்காவின் ஹார்வர்டில் அவர் தன் உழவு இயந்திரத்தைப் பற்றி உரையாற்றியபோது, சபையில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். இந்த இயந்திரம் விவசாயத்தை முன்னேற்றியதா, அல்லது எருமையின் இடத்தில் இயந்திரத்தை வைத்ததோடு நின்றுவிட்டதா என்பதே அது. அந்தக் கேள்வி அவரை விடவில்லை. தனக்குப் புகழ் தந்த வழியே பிழையென வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கினார். உழுது புரட்டிய மண்ணை வெப்பமண்டல மழை அரித்துச் செல்கிறது என்று எடுத்துக்காட்டினார். நைஜீரியாவின் இபாதான் நகரிலுள்ள சர்வதேச வெப்பமண்டல விவசாய நிறுவனத்தில், உழாமல் பயிரிடும் முறைகளில் பணியாற்றினார். நாம் வேலிக்கு நடும் சீமைக்கிளுவையை மண்ணுக்கு உரமாகவும் மின்சாரம் எடுக்கும் விறகாகவும் பயன்படுத்தலாம் என்று முதுமையிலும் ஓயாமல் வலியுறுத்தினார்.

2002 முதல் 2007 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தார். 2010 ஓகஸ்ட் 18 ஆம் திகதி, 86 வயது நிறைய இரண்டு நாள் இருக்கும்போது காலமானார். அப்போது நான் கைக்குழந்தை.

பிழைவிடாத மேதைகளின் கதைகளைப் படிக்கும்போது எனக்குப் பயம்தான் வரும். இவர் கதை பயம் தரவில்லை. தன் பிழையைத் தானே சொல்லி, மறுபடி கணக்குப் போட்டவர் இவர். இன்ஷா அல்லாஹ், அவர் வேந்தராக இருந்த அந்தப் பல்கலைக்கழகத்துக்கே நான் விண்ணப்பிப்பேன்.